படிவத்துக்குள் அடங்காத பிள்ளை: பாஞ்சாலங்குறிச்சி வட்டாரமும் கல்வி உளவியல் ஆய்வும்

தமிழ்நாட்டின் கல்வியியல் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் எம்.எட். ஆய்வேடு எதையேனும் எடுத்துப் பின்னிணைப்பைப் புரட்டினால், பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது தனிநபர் விவரப் படிவம். ஆணா பெண்ணா, பள்ளி அரசுடையதா உதவி பெறுவதா தனியாருடையதா, வசிப்பது ஊரகமா நகர்ப்புறமா, பெற்றோரின் படிப்பு என்ன, மாத வருமானம் எவ்வளவு. மாணவர் பொருத்தமான கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார். அங்கே அவருடைய தன்னம்பிக்கையையோ தேர்வு அச்சத்தையோ உணர்ச்சி நுண்ணறிவையோ அளக்கும் கூற்றுகள் வரிசையாக இருக்கின்றன. 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதிலிருந்து 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து விடைகள். பிறகு சராசரி, திட்டவிலக்கம், டி-சோதனை. ஊரக மாணவர்களுக்கும் நகர்ப்புற மாணவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு, அல்லது இல்லை. ஆய்வு அங்கே முடிந்துவிடுகிறது.

இந்தப் படிவத்தைப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோவோம். ஒட்டப்பிடாரத்தை அடுத்த கரிசல் ஊர் அது. 1974இல் எழுப்பப்பட்ட கட்டபொம்மன் நினைவுக்கோட்டைக்கு அருகே வாழும் இராஜகம்பளத்து நாயக்கர் வீடுகளில் பேச்சு தெலுங்கு. அந்த வீட்டுப் பிள்ளை பள்ளியில் எழுதுவது தமிழ். கிழக்கே போனால் தருவைக்குளம், விசைப்படகையும் வலையையும் நம்பிய கடற்கரை. தூத்துக்குடியை நெருங்கினால் உப்பளங்கள். வடமேற்கே கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்கள். வானம் பார்த்த உளுந்துக்காட்டுப் பிள்ளை, உப்பு வாரும் வீட்டுப் பிள்ளை, கடலுக்குப் போன அப்பாவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை, தெலுங்கில் கனவு கண்டு தமிழில் தேர்வெழுதும் பிள்ளை ஆகிய நால்வரும் டிக் அடிக்கும் கட்டம் ஒன்றுதான்: ஊரகம்.

ஆய்வு மாணவர்களைக் குறைசொல்வதற்காக இதை எழுதவில்லை. படிப்பின் இடையே சில மாதங்களில் ஆய்வேட்டை முடித்தாக வேண்டும். வழிகாட்டிக்கு வேறு மாணவர்களும் இருக்கிறார்கள். தயாராகக் கிடைக்கும் அளவுகோலை எடுத்து மொழிபெயர்த்துப் பயன்படுத்துவதே அவர்களுக்குத் திறந்திருக்கும் வழி. குறை அதைவிட ஆழத்தில் இருக்கிறது. பி.எட். பாடத்திட்டத்தில் பிள்ளையின் மனம் ஒரு தாள், சமூகம் இன்னொரு தாள். 'குழந்தைப் பருவமும் வளர்ச்சியும்' என்ற தாளில் பியாஜேயும் எரிக்சனும் வருகிறார்கள். 'சமகால இந்தியாவும் கல்வியும்' என்ற தாளில் சாதியும் வறுமையும் அரசமைப்புச் சட்டமும் வருகின்றன. இரண்டுக்கும் தனித்தனித் தேர்வு, தனித்தனி மதிப்பெண். ஆய்வேட்டில் முதல் தாள் அளவுகோலாகவும், இரண்டாம் தாள் படிவத்தின் கட்டங்களாகவும் சுருங்கிவிடுகின்றன. மனத்துக்குள் சமூகம் எப்படி நுழைகிறது என்ற கேள்வியே கல்வி உளவியலின் உயிர்க்கேள்வி என்பது என் எண்ணம். அதைக் கேட்க இரண்டு தாள்களிலும் இடமில்லை.

பாஞ்சாலங்குறிச்சியின் வரலாற்றிலேயே அந்தக் கேள்விக்கு ஒரு பெரிய சான்று கிடக்கிறது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவ்வூர்ப் பாளையக்காரர் கட்டபொம்மனைக் கிழக்கிந்தியக் கம்பெனி தூக்கிலிட்டது. தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரியில் அவரும் கூட்டாளிகளும் தப்பி வந்து, இடிக்கப்பட்ட கோட்டையை வெகுவிரைவில் மண்ணால் எழுப்பினார்கள். அதை மறுபடி பிடிக்கக் கம்பெனிப் படைக்கு மே மாதம் வரை ஆயிற்று. அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, 1830இல் வெளியிட்ட தம் போர் நினைவுகளில் ஊமைத்துரையைப் பற்றி எழுதியிருக்கிறார். வெல்ஷ் காட்டும் ஊமைத்துரை மெலிந்த, நோயாளி போன்ற தோற்றமுள்ள, பேச்சு வராத இளைஞர். ஆனால் அவருடைய சின்னச் சைகையும் மக்களுக்குத் தெய்வவாக்கு. சிறு வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் அடுக்கி அவற்றை ஆங்கிலப் படையாகக் காட்டுவாராம். பிறகு மறு கையால் ஒரு வீச்சில் தட்டிவிட்டு வாயால் ஓர் ஒலி எழுப்புவாராம். அதுவே தாக்குதலுக்கான உத்தரவு.

வெல்ஷ் இதை வியப்பாக எழுதினார். கல்வி உளவியல் படிப்பவருக்கு இது வியப்போடு நின்றுவிடக் கூடாது. ஒருவர் கை அசைத்தால் ஆயிரக்கணக்கானோர் புரிந்துகொண்டார்கள் என்றால், அந்த மொழி அவர் கையில் மட்டும் இருந்ததில்லை. அதைப் படிக்கத் தெரிந்த கண்கள் அந்த வட்டாரம் முழுக்க இருந்தன. அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? சிறுவயதிலிருந்தே அவரோடு விளையாடியவர்களும் உண்டவர்களும் வேட்டைக்குப் போனவர்களும் அந்தச் சைகைகளை அவரோடு சேர்ந்தே உருவாக்கியிருப்பார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பேச முடியாமை அவர் உடலில் இருந்தது. அது ஊனமாக மாறவில்லை, ஏனென்றால் சுற்றியிருந்தவர்கள் அதை ஊனமாக்கவில்லை.

1920களில் ரஷ்யாவில் லெவ் விகோட்ஸ்கி, காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது வந்து சேர்ந்த முடிவும் இதுதான்: உடற்குறை அதனளவில் பிள்ளையின் விதியை எழுதுவதில்லை, அதற்குச் சமூகம் அளிக்கும் பதிலே எழுதுகிறது. அமெரிக்காவில் நோரா குரோஸ் என்ற மானிடவியலாளர், மார்த்தாஸ் வைன்யார்ட் தீவில் காது கேட்பவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சைகை மொழி பேசிவந்ததைப் பதிவுசெய்து 1985இல் நூலாக்கினார். காது கேளாதவர்களை அங்கே யாரும் தனி இனமாக நினைக்கவில்லை. இந்த இரண்டையும் நம் சிறப்புக்கல்வி மாணவர்கள் படிக்க வேண்டும். இவற்றுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னால் ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் நடந்ததையும் சேர்த்துப் படித்தால் அந்தக் கொள்கை அவர்களுக்குத் தூரத்துச் செய்தியாக இராது. ஊமைத்துரை சிறையிருந்த அதே பாளையங்கோட்டையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளோரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். சிறையிலிருந்து பள்ளிக்கு வந்து சேர்ந்த அந்த நூறாண்டு வரலாற்றில் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது.

கற்பித்தல் முறைகளும் இந்தக் கரைக்கு வெளியிலிருந்து மட்டும் வந்தவை அல்ல. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரியாத நிலையில் உதவியாளர்களைக் கொண்டு செபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்தார். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, வரி வரியாகச் சொல்லவைத்து, கற்றதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரிக்கிறார். பிள்ளைகளே ஆசிரியர்களான இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெற்றோர் வணங்கிய உருவங்களை உடைக்கவும் அதே பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். கற்றல் வீட்டுக்குள் யாருடைய சொல்லுக்கு மதிப்பு என்பதையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடப் பழைய பதிவு இந்தக் கரையில் இருப்பதாகத் தெரியவில்லை. சவேரியாருக்குப் பின் வந்த அன்றிக் அடிகளார் எதிர்த்திசையில் போனார். தாமே தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாக வழிசெய்தார்.

திண்ணைப் பள்ளியின் கதை எல்லாரும் அறிந்தது, ஆனால் பாதிதான் அறிந்தது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் மூத்தவர் இளையவருக்குக் கற்பிப்பதையும் பார்த்துத் தம் இல்லத்தில் கையாண்டு, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. இன்று நம் பி.எட். மாணவர்கள் சக மாணவர் கற்பித்தலை மேல்நாட்டுக் கோட்பாடாகப் படிக்கிறார்கள். திண்ணைப் பள்ளியின் மனனப் பயிற்சியைக் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒதுக்கும் வழக்கமும் ஆங்கில ஆட்சிக் காலத்து மதிப்பீடுதான். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகிய கணக்குச் சுவடிகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் செந்தில்பாபு, 2022இல் வெளியான தம் நூலில் வேறொரு சித்திரத்தைத் தருகிறார். அங்கே நினைவாற்றலே சிந்திக்கும் வழி. அளவைகளும் பின்னங்களும் ஊரின் அன்றாட வேலையோடு பிணைந்து மனத்தில் ஏறின. கணக்கு தெரிந்தவர் என்று ஊர் ஒருவரை ஏற்றதற்கு அந்தப் பிணைப்பே காரணம்.

இந்தப் பிணைப்பு இன்று எங்கே அறுந்திருக்கிறது என்பதைக் கல்வி உளவியல் துல்லியமாகக் காட்டியிருக்கிறது. 1985இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் காய்களும் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளராகப் போய்க் கணக்குக் கேட்டார்கள். 98 விழுக்காடு சரியான விடை. அதே கணக்கை எண்களாகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. ஐந்து பிள்ளைகள் என்பது சிறிய எண்ணிக்கை என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 2025இல் 'நேச்சர்' இதழில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, உளவியலாளர் எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு அந்த ஐயத்தைத் தீர்த்தது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளை அவர்கள் பார்த்தார்கள். சந்தையில் சிக்கலான கணக்கை மனத்திலேயே போட்ட பிள்ளைகள், பாடப்புத்தக வடிவில் அதைவிட எளிய கணக்கில் தடுமாறினார்கள். அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகளின் நிலை தலைகீழ். தாளில் கழித்தல் போடுபவர்களுக்குக் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை எவ்வளவு என்று சொல்ல வரவில்லை. இரு பக்கத்திலும் அறிவு இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகப் பாலம் இல்லை.

தருவைக்குளத்தில் மீன் ஏலம் கூறும் இடத்தில் நிற்கும் பிள்ளைக்கு எடை, விலை, முன்பணம், பங்கு எல்லாம் காதுவழியே ஏறிக்கொண்டிருக்கும். படகுக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று வீட்டில் பிரிப்பதும் பின்னக்கணக்குதான். அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பில் பின்னத்தில் தோற்றால், 'கணிதத்தில் நாட்டம் குறைவு' என்று எழுதும் அளவுகோல் எதை அளந்தது? கடலோரப் பிள்ளைகள் வேலைக்குப் போகட்டும் என்பதல்ல என் வாதம். அவர்கள் பள்ளியில் இருக்க வேண்டியவர்கள். அவர்கள் கொண்டுவரும் கணக்கை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும் என்கிறேன். அறிய வேண்டுமானால் யாராவது ஒருவர் ஏலக்கூடத்தில் குறிப்பேட்டோடு உட்கார வேண்டும்.

இப்படி உட்காராததால் நாம் இழந்தது ஒன்று உண்டு. தூத்துக்குடிக் கடலில் 1955 தொடங்கி 1961 வரை முத்துக்குளித்தல் நடந்தது; அதன்பின் இன்றுவரை இல்லை. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்வியியல் கல்லூரி 1950லேயே தொடங்கிவிட்டது. கரையிலிருக்கும் கோபுரத்தையும் மரத்தையும் அடையாளமாக வைத்து நடுக்கடலில் முத்துச்சிப்பிப் பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதையும், மூச்சை அடக்கிச் சில நொடிகளில் சிப்பியைத் தடவிப் பொறுக்குவதையும் தந்தையிடமிருந்து மகன் எப்படிக் கற்றான்? மீன்வளத் துறை அதிகாரி ஜேம்ஸ் ஹார்னெல் போன்றோர் சிப்பியையும் சங்கையும் விரிவாகப் பதிவுசெய்தார்கள். கற்றல் என்ற கண்ணோடு அதைப் பார்க்க அன்றைய கல்வி உளவியலுக்குத் தோன்றவில்லை. சங்கு குளிப்போர் இன்னும் இருக்கிறார்கள் என்பது மிச்சமிருக்கும் வாய்ப்பு.

பாஞ்சாலங்குறிச்சிக்கு வடக்கே எட்டயபுரம். கட்டபொம்மன் கதையில் அவ்வூர்ப் பாளையக்காரரின் 'எட்டப்பன்' என்ற பெயர் துரோகிக்கான வசைச்சொல்லாக உறைந்துபோனது. பள்ளி நாடகங்களில் அந்த வேடம் கட்டும் பிள்ளையும், எட்டயபுரத்திலிருந்து வேறூர்ப் பள்ளிக்குப் போய்ப் பட்டப்பெயர்க் கேலிக்கு ஆளாகும் பிள்ளையும் வரலாற்றின் பாரத்தைத் தம் தோளில் உணர்ந்திருப்பார்கள். ஆனால் கல்வியின் வரலாற்றில் அந்த ஊருக்கு வேறோர் இடம் உண்டு. 1956இல் காமராசர் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது அங்கேதான். பொதுக்கல்வி இயக்குநராக இருந்து அதை ஊர் ஊராகக் கொண்டுசென்றவர் நெ.து. சுந்தரவடிவேலு. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920இலேயே நீதிக்கட்சிக் காலத்தில் உணவு தரப்பட்டதுண்டு. ஆனாலும் ஊர்மக்களின் கொடையோடு சேர்த்து மாநிலம் முழுவதற்குமான ஏற்பாடாக அது வளர்ந்தது எட்டயபுரத்திலிருந்துதான். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு எல்லாம் அதன் தொடர்ச்சி.

பாடப்புத்தகத்தில் பசி வருவது மாஸ்லோவின் தேவைப் படிநிலையில். முக்கோணத்தின் அடியில் உடல் தேவை, உச்சியில் தன்னிறைவு. தேர்வில் படம் வரைந்தால் மதிப்பெண். எட்டயபுரம் அந்த முக்கோணத்தைவிட நுட்பமான ஒன்றைச் சொல்கிறது. உணவு வந்தபோது பிள்ளைகள் வயிறு நிறைந்தது மட்டும் நடக்கவில்லை, ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து உண்டார்கள். பல ஊர்களில் அதற்கு எதிர்ப்பு இருந்தது, இன்றும் சமையல் செய்பவரின் சாதியைச் சொல்லித் தட்டை ஒதுக்கும் செய்திகள் வருகின்றன. அந்த எதிர்ப்பே அந்த வரிசையின் கல்வி மதிப்புக்குச் சான்று. கற்றலில் என்ன நிகழ்ந்தது என்பதற்கும் கணக்கு உண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2001 ஆணைக்குப் பின் இந்தியா முழுதும் மதிய உணவு பரவியதை வைத்து தனிகா சக்கரவர்த்தியும் ராஜி ஜெயராமனும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாண்டு வரை உணவு பெற்ற பிள்ளைகள் ஓராண்டுக்கும் குறைவாகப் பெற்றவர்களைவிட வாசிப்பில் 18 விழுக்காடும் கணிதத்தில் 9 விழுக்காடும் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். புதிய ஆசிரியர் இல்லை, புதிய புத்தகம் இல்லை. சோறு மட்டுமே.

உணவு வரிசையில் ஒன்றாக்கிய பிள்ளைகளைக் கையில் கட்டும் கயிறு பிரிக்கிறது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு வண்ணத்தில் கயிறு கட்டும் பழக்கம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் உடன் படித்தவர்களும் இருந்தார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் தடைசெய்வது, பிள்ளைகளை அகரவரிசையில் அமர்த்துவது, ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தைத் திருத்துவது என்று அதன் பரிந்துரைகள் போகின்றன. கயிற்றைத் தடைசெய்வது பக்தியில் தலையிடுவது என்ற கூக்குரலும் எழுந்தது.

கயிறு வகுப்பறையில் பிள்ளையின் மூளைக்கு என்ன செய்கிறது என்ற கேள்விக்கு நேர்ப் பதில் தரும் ஆய்வு இந்தியாவிலேயே உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசத்தில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்கள் 642 பேருக்குத் தாளில் வரைந்த புதிர்வழிகளைத் தீர்க்கக் கொடுத்தார்கள். பாதிப்பேர் உயர்த்தப்பட்ட சாதியினர், பாதிப்பேர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாதியை வெளியே சொல்லாத குழுக்களில் இரு பிரிவினரும் ஏறத்தாழச் சமமாகத் தீர்த்தார்கள். ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் எல்லார் முன்னாலும் வாசித்த குழுக்களில் ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. அறை வேறில்லை, தாள் வேறில்லை. ஒரு வாக்கியம் சொல்லப்பட்டது, அவ்வளவே. சாதிவாரியாகப் பிரித்து அமர்த்தியபோது உயர்த்தப்பட்ட சாதி மாணவர்களின் திறனும் சரிந்தது என்பது இவ்வாய்வில் அதிகம் பேசப்படாத பகுதி. கயிறு கட்டியவனும் கட்டாதவனும் சேர்ந்தே இழக்கிறார்கள்.

நம் ஆய்வேடுகளின் படிவத்திலும் சாதிப் பிரிவைக் கேட்கும் 'இனம்' என்ற கட்டம் இருப்பதுண்டு. அளவுகோலுக்கு முன்னால் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்வது, ஹாஃபும் பாண்டேயும் சோதனைக்காகச் செய்த காரியத்துக்கு நெருக்கமானது. அளக்கப் போகும் பொருளை அளக்கும் செயலே மாற்றிவிடலாம் என்ற எச்சரிக்கை ஆய்வுமுறைப் பாடத்தின் முதல் வாரத்தில் வர வேண்டும். குறைந்தபட்சம் அந்தப் பக்கத்தைக் கடைசிக்குத் தள்ளலாம். அதற்குச் செலவில்லை.

நாங்குநேரி என்றால் இன்று அந்த வன்முறையே நினைவுக்கு வருகிறது. 1917இல் அதே ஊரில் பிறந்தவர் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் நா. வானமாமலை. ஆசிரியர் பயிற்சி பெற்று, பள்ளியில் பணியாற்றி, அதை விட்டு விலகிப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தபடி 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கி, 1969இலிருந்து 'ஆராய்ச்சி' இதழை நடத்தினார். கட்டபொம்மு கதைப்பாடலைப் பதிப்பித்தவரும் அவரே. மதுரைப் பல்கலைக்கழகம் அதை 1971இல் வெளியிட்டது. அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் ஒட்டப்பிடாரத்தில் பிறந்து தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்த ஆ. சிவசுப்பிரமணியன். உப்பைப் பற்றி 'உப்பிட்டவரை' என்ற நூலை எழுதினார். இவர்கள் யாரும் தம்மைக் கல்வி உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஒரு சமூகத்தின் நினைவு எப்படி உருவாகிறது, ஒரு பிள்ளை தன் ஊரைப் பற்றி என்ன கேட்டு வளர்கிறது என்பதை அறிய இவர்களின் முறையை விடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியாது: போய்ப் பார்ப்பது, பெரியவர்களிடம் கேட்பது, பாட்டையும் பழமொழியையும் சான்றாக ஏற்பது, குழுவாக உட்கார்ந்து விவாதிப்பது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் வந்தது, தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008இல் வந்தது. துணைவேந்தர்களும் துறைகளும் இல்லாத காலத்தில் அந்தக் குழு செய்த களப்பணியைக் கல்வியியல் துறைகள் தம் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

எண்களை விட்டுவிடச் சொல்வதாக யாரும் நினைக்கக் கூடாது. நல்ல எண் ஆய்வுக்கும் களம் வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டில் நடந்த ஒன்றே காட்டுகிறது. 2013இல் 'சயின்ஸ்' இதழில் ஆனந்தி மணியும் செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட சகாக்களும் வெளியிட்ட ஆய்வு அது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியின் 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகை அறிவுத்திறன் சோதனைகளைக் கொடுத்தார்கள். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய வாரங்களில் அவர்கள் பெற்ற மதிப்பெண் குறைவு; காசு வந்தபின் அதே மனிதர்களின் மதிப்பெண் கூடியது. விளைவின் அளவு பற்றிப் பிற்பாடு விவாதங்கள் எழுந்தன, மறுஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. ஆனால் கேள்வியின் அமைப்பு அருமையானது. ஏழை, பணக்காரர் என்று இருவரை ஒப்பிடாமல், ஒரே ஆளை ஆண்டின் இரு வேளைகளில் ஒப்பிட்டார்கள். கரும்பு ஆலைக்குப் போகும் நாளை அறிந்தவர்களால்தான் அப்படி ஓர் ஆய்வை யோசிக்க முடியும்.

தூத்துக்குடி மாவட்டத்தில் அப்படிப்பட்ட நாட்காட்டிகள் ஒன்றல்ல, மூன்று ஓடுகின்றன. உப்பளத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலி இல்லை. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கடலோர வீட்டில் கை வறண்டிருக்கும்போது பள்ளி திறக்கிறது, நோட்டும் சீருடையும் பையும் வாங்க வேண்டியிருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கரிசலில் ஐப்பசி மழைக்கு விதைத்தது தை மாசியில்தான் வீடு வரும். இவற்றுக்கு நடுவே அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருகிறது. உப்பளத்து வீட்டில் கூலி நின்று இரண்டு மாதம் கடந்திருக்கும், கரிசல் வீட்டில் இருப்பதையெல்லாம் நிலத்தில் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள், கடலோர வீட்டில் ஓரளவு மீன்பாடு இருக்கலாம். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள்.

இதை ஆராயப் பெரிய நிதி வேண்டாம். உப்பளத்துப் பக்கம் ஒன்று, கடற்கரையில் ஒன்று, கரிசலில் ஒன்று என மூன்று பள்ளிகள். அதே ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆகஸ்டில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை கவனத்தையும் வேலை நினைவையும் அளக்கும் எளிய சோதனைகள். பள்ளிக்கு வந்த நாட்கள், வீட்டில் எரிந்த அடுப்பு, தூங்கிய நேரம் பற்றிய பேச்சு. ஒரு வழிகாட்டியின் கீழ் மூன்று எம்.எட். மாணவர்கள் ஆளுக்கொரு பள்ளியாகப் பிரித்துக்கொண்டால் ஒரு கல்வியாண்டுக்குள் முடியும். வேறுபாடு தெரியாமல் போனால் அதுவும் சொல்லத்தக்க முடிவே. தெரிந்தால், உப்பளத் தொழிலாளர்களுக்கான மழைக்கால நிவாரணத்தை அக்டோபர் தொடக்கத்திலேயே கையில் கொடுப்பதா, தேர்வைத் தைக்குப் பின் வைப்பதா, கார்த்திகையிலும் மார்கழியிலும் மதிய உணவோடு மாலையிலும் பிள்ளைகளுக்கு ஏதேனும் கொடுப்பதா என்று மாவட்ட நிர்வாகத்திடம் உட்கார்ந்து பேச ஆசிரியர்களிடம் சான்று இருக்கும்.